அருமைக்காரர் கையும் மூன்று மூடி மருந்தும்

வடக்கே பிளேக் பரவுகிறது என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்த புரட்டாசி அது. பீளமேட்டில் எங்கள் வீதி முனை மருந்துக் கடையில் கிருமிநாசினி மூன்றே நாளில் தீர்ந்துபோனது. நான் முதல் நாளே இரண்டு புட்டி வாங்கி வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் கடையிலிருந்து வெறும் கையோடு திரும்பி வந்து என்னிடம் அரைப் புட்டி கேட்டார். எனக்கு வந்த பெருமைக்கு அளவில்லை. அரைப் புட்டி கொடுக்கவில்லை. ஆறு மூடி அளந்து கொடுத்தேன்.

அப்போது மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. முப்பத்துமூன்று வருடம் நூல் மில்லின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன் நான். ஓர் அங்குல நூலில் எத்தனை முறுக்கு, ஒரு கண்டு நூலில் எத்தனை முடிச்சு, எத்தனை தடிப்பு என்று எண்ணிச் சொல்வதுதான் வேலை. அங்கே குறை என்றால் விளக்குக்கு அடியில் பிடித்தால் தெரிந்துவிடும். கிருமி அப்படித் தெரியாது என்பதுதான் என்னைப் படுத்தியது. டிவியில் சோப்பு விளம்பரம் வரும்போதெல்லாம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பேன். பூதக்கண்ணாடிக்குள் ஒரு குழந்தையின் கை. அதில் பச்சைப் பச்சையாக நெளிகிற கிருமிகள். சோப்பு பட்டதும் பாதி காணாமல் போகும். மீதி எங்கே போயிற்று என்று அவர்கள் சொல்வதில்லை. நான் ஒருமுறை எண்ண முயன்றேன். பதினேழு வரை வந்தபோது விளம்பரம் முடிந்துவிட்டது.

முதல் நாள் குளிக்கிற வாளியில் ஒரு மூடி மருந்து ஊற்றியது இன்னும் கண்ணில் நிற்கிறது. தேன் நிறத்தில் விழுந்தது, தண்ணீரைத் தொட்டதும் வெண்புகையாக விரிந்தது. எட்டு எண்ணுவதற்குள் வாளி முழுக்கப் பால் நிறமாகிவிட்டது. அறுபது வயதில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை விரட்டும் மருந்து கண்ணுக்குத் தெரியும்படி வேலை செய்கிறதே! தலையில் ஊற்றிக்கொண்டபோது உடம்பில் ஒவ்வொரு மயிர்க்காலும் வாயைத் திறந்து மூடுவதுபோல இருந்தது. புட்டியில் ஒட்டிய சீட்டில் ஒரு மூடி என்றுதான் போட்டிருந்தது. ஒரு மூடிக்கே இப்படி என்றால் மூன்று மூடிக்கு எப்படி இருக்கும் என்று மறுநாளே பார்த்தேன். அன்றிலிருந்து மூன்று மூடிதான்.

ஐப்பசி பிறப்பதற்குள் குளியலறை ஜன்னல் கட்டையில் ஏழு பொருள் சேர்ந்துவிட்டன. கிருமிநாசினி, மருந்து சோப்பு, வெள்ளைக் களிம்பு ஒரு டியூப், ஊதா மருந்து, சிவப்பு மருந்து, போரிக் பவுடர், பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஒரு பொட்டலம். காலையில் ஒன்று முதல் ஏழு வரை ஒரே வரிசையில் நடக்கும். பிளேக் பயம் ஊரில் அடங்கிவிட்டது. நான் அடங்கவில்லை.

"ஏனுங்க, ஊடே ஆஸ்பத்திரியாட்டம் நாறுதுங்க. வாரவங்க எல்லாம் யாருக்கு என்னாச்சுன்னு கேக்கறாங்க" என்றாள் மனைவி.

"கேக்கட்டும். கேட்டா யாருக்கும் காச்ச வராது."

"மில்லுல முப்பத்துமூணு வருசம் பஞ்சுத் தூசியத் தின்னுட்டு இருந்தீங்களே, அப்ப எந்தக் கிருமி வந்து உங்களத் தொட்டுச்சு?"

"அப்ப எனக்குத் தெரியாது."

"இப்பவும் தெரியாமயே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்க வேண்டும். காப்பி, பலகாரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். நான் அதற்கு முன்னால் இன்னொரு சொம்பைச் சேர்த்தேன். வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன் மேல் மருந்து கலந்த தண்ணீர். வருகிறவர் கையில் ஊற்றிக் கழுவிக்கொண்டு உள்ளே வரலாம். நாலு பேர் கழுவினார்கள். ஐந்தாவதாக வந்தவர் என் மைத்துனர், மனைவியின் தம்பி. அன்னூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்தவர், சொம்பில் வெள்ளையாக இருந்ததைப் பார்த்தார். அக்கா மோர் எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து அண்ணாந்து ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டார்.

"அக்கா! மோரு கெட்டுப்போச்சுக்கா!"

மனைவி ஓடி வந்தாள். "அட, அது மோரில்லடா, துப்பு, துப்பு! உங்க மச்சானோட தீர்த்தம்டா அது!"

நல்லவேளையாக அதற்குள் துப்பிவிட்டார். வேப்பமரத்தடியில் நின்று வாயைப் பதினொரு முறை கொப்பளித்தார். நான் பக்கத்தில் நின்று, வயிற்றுக்குள் ஏதாவது போயிற்றா என்று பதினொரு முறையும் கேட்டேன்.

"மச்சான், உள்ள ஒண்ணும் போகலீங்க. போயிருந்தாலும் நான் வந்த சோலிய முடிக்காமப் போகமாட்டேன்" என்று துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து என் முன்னால் வைத்தார். "தை மாசம் நம்ம பாப்பாவுக்குக் கல்யாணங்க. நீங்கதான் அருமைக்காரரா இருந்து நடத்தி வெக்கோணும்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் குடும்பங்களில் கல்யாணச் சீர்களைக் கையால் தொட்டுச் செய்து வைக்கும் பெரியவருக்கு அருமைக்காரர் என்று பெயர். கங்கணம் கட்டுவது, அருகம்புல்லைப் பாலில் நனைத்து மணமக்களின் முழங்கால், தோள், தலை என்று தொட்டு வாழ்த்துவது எல்லாம் அவர் கை. மனைவி இருக்க வேண்டும், பிள்ளை பிறந்திருக்க வேண்டும், அதற்கென்று தனிச் சீர் செய்து உரிமை வாங்கியிருக்க வேண்டும். எனக்கும் மனைவிக்கும் இரண்டு வருடம் முன்பே அந்தச் சீர் நடந்துவிட்டது. ஆனால் ஒரு கல்யாணம்கூட என் கையால் நடக்கவில்லை. எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். இப்போது ஒருவருக்கு முழங்கால் மடங்கவில்லை, ஒருவருக்குக் கண்ணில் அறுவை, மூன்றாமவருக்கு மனைவி தவறிவிட்டாள். நாலாவது ஆள் நான்.

அதைவிடப் பெரிது, கல்யாணப் பெண்ணான மைத்துனர் மகளே என்னைக் கேட்டிருந்தாள். பீளமேட்டில் கல்லூரியில் படித்த மூன்று வருடமும் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். எங்களுக்கு ஒரே மகன், அவனும் பம்பாயில். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த மூன்று வருடம்தான். "மாமாதான் செய்யோணும், இல்லாட்டி எனக்குக் கல்யாணமே வேண்டாம்னு ஒத்தக் கால்ல நிக்கிதுங்க" என்றார் மைத்துனர்.

அன்று மாலை என் இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தேன். இந்தப் பத்து விரல்களும் அவளைத் தொட்டு வாழ்த்தப் போகின்றன. இவற்றில் ஒரு கிருமி இருக்கலாமா?

அதுவரை நாளுக்குப் பன்னிரண்டு முறை கழுவிக்கொண்டிருந்தேன். பதினெட்டாயிற்று, இருபத்திரண்டாயிற்று. நோட்டில் கோடு போட்டுக் குறித்தேன். தண்ணீர் கலப்பது மருந்தின் வீரியத்தைக் குறைக்கிறது என்று தோன்றியதால் கைக்கு மட்டும் புட்டியிலிருந்து அப்படியே ஊற்றித் தேய்த்தேன். சுரீர் என்று ஏறும். ஏறட்டும், கிருமி சாகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

கார்த்திகை முதல் வாரம் விரல் இடுக்குகளில் அரிப்பு வந்தது. பிறகு சிவப்பு. பிறகு தோல் வெங்காயச் சருகுபோல உரியத் தொடங்கியது. எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தெரிந்தது. கிருமி உள்ளே இறங்கிவிட்டது, ஆகவே மருந்து இன்னும் ஆழமாக எட்ட வேண்டும். இருபத்தாறு முறை. இரவில் களிம்பு, அதன்மேல் போரிக் பவுடர், நடுநடுவே ஊதா மருந்து. கார்த்திகை முடிகிறபோது வலது கையில் பதினொரு வெடிப்பு, இடது கையில் எட்டு. ரசம் சோறு பிசைந்தால் கண்ணில் தண்ணீர் வந்தது. கரண்டியால் சாப்பிட்டேன்.

"இந்தக் கைய வெச்சுட்டு எப்படீங்க சீரு செய்வீங்க?" என்றாள் மனைவி.

"அதுக்குத்தான வைத்தியம் பண்ணிட்டிருக்கறேன்."

"வைத்தியம் பண்ணப் பண்ணத்தான எச்சாகுது!"

அவள் சொன்னது முழு உண்மை. அன்று எனக்கு அது காதில் ஏறவில்லை.

மார்கழி பிறந்துவிட்டால் கல்யாணச் சாமான் எதுவும் வாங்க மாட்டார்கள் என்று கார்த்திகைக் கடைசியில் பட்டு எடுக்கக் கோயமுத்தூருக்கு எல்லோரும் வந்தார்கள். அருமைக்காரர் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கடையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்ததும் எனக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்திருந்த அம்மாள் இரண்டு முறை மூச்சை இழுத்தார். மாப்பிள்ளையின் பெரியம்மா. அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அவர் வார்த்தைதான் கடைசி வார்த்தை என்று மைத்துனர் முன்பே சொல்லியிருந்தார்.

"ஏனுங்க, ஆஸ்பத்திரில யாராச்சும் இருக்கறாங்களா?"

"இல்லீங்களே."

"வாசம் வந்துது, அதான் கேட்டேனுங்க."

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் ஒரு பட்டுச் சேலையை விரித்து, "தொட்டுப் பாருங்கய்யா" என்று என் மடியில் போட்டார். முப்பத்துமூன்று வருடம் நூல் தொட்டவன் கை சும்மா இருக்குமா? நீட்டிவிட்டேன். உரிந்த தோல் பட்டு இழையில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. பெரியம்மாவின் கண் என் விரலில் நின்றது. ஊதா மருந்து வேறு நகத்தைச் சுற்றிப் பிடித்திருந்தது. அவர் தன் முந்தானையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

மார்கழி இரண்டாம் தேதி மைத்துனர் வந்தார். வாசலில் சொம்பை ஒரு சுற்று தள்ளி நடந்து வந்து உட்கார்ந்தார். மழை பெய்ததா என்று கேட்டார். சிறுவாணித் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். பம்பாயில் மகன் சௌக்கியமா என்று கேட்டார். ஒன்பது கேள்விக்குப் பிறகு என் கையைப் பார்த்தார்.

"மச்சானுக்குச் சிரமமுங்களா?"

"ஒரு சிரமமும் இல்லீங்க."

"இல்ல, விடிகாலைல எந்திரிக்கோணும், நெம்ப நேரம் நிக்கோணும், பனி வேற. சிரமமா இருந்தா அவங்க பக்கத்துலயே ஒரு பெரியவரு இருக்கறாருங்களாமா. சும்மா சொன்னாங்க. நீங்க சிரமப்படக் கூடாதுன்னுதானுங்க."

எங்கள் ஊரில் யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நமக்குச் சிரமமாக இருக்கிறது என்று அவர்களாகவே கண்டுபிடித்துச் சொல்வார்கள். மனைவிதான் காப்பியைக் கொண்டுவந்து தம்பியின் முன்னால் டக்கென்று வைத்தாள்.

"பாப்பா என்னடா சொல்லுது?"

"அழுகுதுக்கா."

"அப்பப் போய்ச் சொல்லு, உங்க மச்சான் கை தைக்குள்ள சரியாப் போயிரும்னு. இல்லாட்டி நானே அந்தப் பெரியம்மாகிட்டப் பேசறேன்."

மறுநாள் காலை என்னைத் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வரிசையில் நாங்கள் பதினாலாவது. டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவ கழுவுவீங்க?"

நோட்டை எடுத்தேன். "நேத்து இருபத்தாறுங்க. போன வாரச் சராசரி இருபத்து நாலரைங்க."

"அதென்னங்க அரை?"

"ஒரு கைய மட்டும் கழுவினா அரைன்னு வெச்சிருக்கறேனுங்க."

பக்கத்தில் நின்ற நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "எத்தனை மூடி கலப்பீங்க?"

"வாளிக்கு மூணுங்க. கைக்குக் கலக்கறதே இல்லீங்க, நேராப் புட்டிதான். கிருமி எச்சா இருந்துச்சுங்க."

"கிருமியே இல்லீங்கய்யா" என்றார். "உங்க கையில இருக்கறது மருந்து சுட்ட புண்ணு. தோலுக்கு மேல ஒரு எண்ணெய்ப் பசை இருக்குதுங்க, அதுதான் வேலி. நீங்க தெனமும் இருபத்தாறு தடவ வேலியப் புடுங்கிப் போட்டுட்டு, வெள்ளாமையில ஆடு பூந்துருச்சுன்னு அழுகறீங்க."

மனைவி என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் அத்தனை திருப்தியை எங்கள் கல்யாண நாளில்கூட நான் பார்த்ததில்லை.

"அப்ப மருந்தே ஆகாதுங்களா?"

"கீறல் பட்டா, அடி பட்டா, சீட்டுல போட்டிருக்கற அளவுக்குத் தண்ணி கலந்து ஒரு தடவ தொடைங்க. சும்மா இருக்கற தோலுக்கு எதுக்குங்க? சாதாரண சோப்பு போதும். சாப்பிடறதுக்கு முன்னால, கக்கூஸ் போயிட்டு வந்தா, கையில அழுக்குப் பட்டா. கழுவின ஈரத்தோட தேங்காயெண்ணெய் தடவுங்க. ஒரு களிம்பு எழுதித் தாரேன். அந்த ஏழு சாமானையும் ஊட்ட விட்டு வெளிய போடுங்க."

எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தேன். "ஒரு உதவிங்க. இது ஒட்டாதுன்னு எழுதிக் குடுக்கோணும்."

"யாருக்குங்க? ஆபீசுக்கா?"

"கல்யாண ஊட்டுக்குங்க."

முழுக்கதையையும் சொன்னேன். வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "இதுவரைக்கும் இப்படி ஒரு சர்ட்டிபிகேட் நான் குடுத்ததில்லைங்க" என்று சொல்லி, நான் கேட்டுக்கொண்டபடி தமிழிலேயே எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.

கல்யாணத்துக்கு முப்பத்தாறு நாள் இருந்தது.

மனைவி ஏழு பொருளையும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டி எங்கேயோ ஒளித்துவிட்டாள். முதல் மூன்று நாள் கை என்னுடையதாகவே இல்லை. கதவைத் தொட்டால் பதறினேன், பேப்பரைத் தொட்டால் பதறினேன். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன். நாலாம் நாள் காலை வெயிலில் கையை நீட்டி எண்ணினேன். பத்தொன்பது வெடிப்பில் இரண்டைக் காணோம்! திரும்ப எண்ணினேன். பதினேழுதான். மனைவியைக் கூப்பிட்டு அவளையும் எண்ணச் சொன்னேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணிப் பதினாறு என்றாள். ஒன்றைப் பற்றி இருவருக்கும் அரை மணி நேரம் வாக்குவாதம். எத்தனை நல்ல வாக்குவாதம் அது! பத்தாம் நாள் பன்னிரண்டு. பதினேழாம் நாள் ஏழு. இருபதாம் நாள் நான்கு. ரசம் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டேன். மில்லில் ஒரு கண்டு நூல் குறையே இல்லாமல் வந்த நாளில்கூட எனக்கு இத்தனை துள்ளல் இருந்ததில்லை.

மார்கழி இருபத்தைந்தாம் தேதி அன்னூருக்குப் புறப்பட்டோம். அன்று கல்யாணப் பேச்சுக்காக மாப்பிள்ளையின் பெரியம்மா மைத்துனர் வீட்டுக்கு வருவதாக இருந்தது. பஸ்ஸில் டாக்டரம்மாவின் கடிதம் சட்டைப் பையில் இருக்கிறதா என்று ஒன்பது முறை தொட்டுப் பார்த்தேன்.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்ததும் கடிதத்தை எடுத்துப் பெரியம்மாவிடம் நீட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. கல்யாணப் பெண்தான் வாங்கிச் சத்தமாகப் படித்தாள். "இவருடைய கையில் இருப்பது தொற்றும் நோய் அல்ல. கிருமிநாசினி மருந்தை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதால் வந்தது" என்ற இடத்தில் அவள் குரல் சிரிப்பில் உடைந்தது. கூடம் முழுக்கச் சிரித்தது. பெரியம்மா மட்டும் சிரிக்காமல் யோசித்தார்.

"அப்ப இது அழுக்கால வந்ததில்லீங்க. சுத்தத்தால வந்ததுங்களா?"

"ஆமாங்க."

"இப்படி ஒரு சீக்க நான் கேள்விப்பட்டதே இல்லீங்களே! எங்க, கையக் காட்டுங்க."

காட்டினேன். அவர் தன் கட்டை விரலால் என் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். பழைய தோலெல்லாம் போய்ப் புதுத் தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது. "பொறந்த கொழந்த கையாட்டம் இருக்குதுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தக் கட்டவெரலு அடில ஒண்ணு தெறந்திருக்குது. சீரு செய்யறப்ப ரெத்தம் கித்தம் வந்துரப்படாதுங்க. அன்னைக்கு ஒரு சொட்டு ரெத்தம் பட்டாலும் ஆகாதுங்க. மத்தபடி நீங்களே செய்ங்க, சிரமமில்லீனா" என்றார்.

"ஒரு சிரமமும் இல்லீங்க" என்றேன். வெளியே வந்து மாட்டுக் கட்டுத்தறிப் பக்கம் யாருமில்லாத இடத்தில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். பெண் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"மாமா, என்ன உடற்பயிற்சியுங்களா?"

"ரெத்த ஓட்டத்துக்கு அம்மணி."

"ஓட்டம் எச்சாயிரப் போகுதுங்க. பெரியம்மா சொன்னத மறந்துபோடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

தை பத்து. விடிகாலையில் மண்டபத்தில் பந்தல்காலைத் தொட்டதிலிருந்து எல்லாம் என் கைதான். ஒரு சீர் விடாமல் மனப்பாடம். வெடிப்பெல்லாம் ஆறிவிட்டது, அந்தக் கட்டை விரல் அடியில் இருந்த ஒன்றைத் தவிர. அதுவும் ஒரு நூல் அகலம்தான். முதல் நாள் இரவு முழுக்க அதற்குத் தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மாப்பிள்ளைக்குக் கங்கணம் கட்டினேன். மஞ்சளில் ஊறிய கயிறு. முறுக்கு கூடுதலாக இருக்கிறது என்று தொட்டதுமே தெரிந்தது. முடிச்சு நழுவக் கூடாதே என்று கட்டை விரலில் கொடுத்து இழுத்தேன். சுருக்கென்றது. பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

அடுத்தது அருகம்புல். வெள்ளிக் கிண்ணத்தில் பால். மணமக்கள் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கை தூரத்தில் பெரியம்மா. முதலில் மாப்பிள்ளையைத் தொட்டேன், முழங்கால், தோள், தலை. பெண்ணிடம் திரும்பிப் புல்லைப் பாலில் நனைத்து எடுத்தபோது, புல்லின் பச்சைக்கும் பாலின் வெள்ளைக்கும் நடுவே ஒரு சிவப்புக் கோடு என் கட்டை விரலிலிருந்து இறங்கியது.

மேளம் காதில் கேட்கவில்லை. கையைப் பின்னால் இழுக்கவும் முடியாது, முன்னால் நீட்டவும் முடியாது. எத்தனை வினாடி அப்படி நின்றேன் என்று தெரியாது.

பெண் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு விரலைப் பார்த்தாள். தாம்பாளத்திலிருந்த குங்குமத்தில் மூன்று விரல்களை அழுத்தி எடுத்தாள். வணங்குவதுபோலக் குனிந்து, என் கட்டை விரலைக் குங்குமத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிடியென்றால் பிடி, எலும்பு வரைக்கும் வலித்தது. பிடித்தபடியே தன் முழங்காலில் வைத்து மாம்பழ நிறப் பட்டில் அழுத்தினாள். அவள் விட்டதும் குங்குமம் அப்பிய அதே கையால் புல்லைப் பிடித்து முழங்காலைத் தொட்டேன். தோளைத் தொட்டேன். தலையைத் தொட்டேன். மூன்று சுற்று.

"ஏம் அம்மணி, பொடவையில என்ன அது செவப்பா?" என்றார் பெரியம்மா.

"குங்குமமுங்க அத்தை. மாமா தாராளமா வெச்சுப்போட்டாருங்க."

பெரியம்மா எட்டிப் பார்த்தார். "தாராளமாத்தான் இருக்கோணும்" என்றார். மேளம் மறுபடி என் காதில் விழத் தொடங்கியது. நான் வலது கையில் குங்குமம் அப்பியபடியே மிச்சமிருந்த அத்தனை சீரையும் செய்தேன். என் வாழ்நாளில் அத்தனை வேகமாகவும் அத்தனை சரியாகவும் நான் எதையும் செய்ததில்லை.

எட்டு நாள் கழித்து மணமக்கள் பீளமேட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளை கை கழுவப் பின்பக்கம் போனதும் பெண்ணிடம் நானே பேச்சை எடுத்தேன். எட்டு நாளாக மனதில் அரித்துக்கொண்டிருந்தது.

"அம்மணி, அந்தப் பட்டுப் பொடவையச் சுடுதண்ணில நனைச்சுப் போடாத. ரெத்தக் கறை அப்படியே புடிச்சுக்கும். பச்சைத் தண்ணில உப்புப் போட்டு, அந்த எடத்த மட்டும் பத்து நிமிசம். தேய்க்காத, ஒத்தி எடு. நான் வேணும்னா..."

"அய்யோ, வேண்டாமுங்க மாமா!" என்று அவள் என் வாயைப் பொத்தாத குறையாகச் சொன்னாள். "அந்தக் கறைய எடுத்துப்போட்டா எங்க பெரியம்மா என்ன சும்மா உடமாட்டாங்க. ஊட்டுக்கு வாரவங்க போறவங்களுக்கெல்லாம் அந்தப் பொடவைய விரிச்சுக் காட்டறாங்க. இப்படிக் கை நெறையக் குங்குமம் வெச்ச அருமைக்காரரப் பார்த்திருக்கறீங்களான்னு கேக்கறாங்க. மாசியில அவங்க மச்சாண்டார் ஊட்டுக் கல்யாணத்துக்கு உங்களத்தான் கூப்பிடறதுன்னு முடிவே பண்ணிப்போட்டாங்க."

"எத்தனாந் தேதி?" என்றேன்.

அடுக்களைக்குள்ளிருந்து மனைவி, "அதுக்கு முன்னால அந்த வெரலச் சரி பண்ணச் சொல்லு கண்ணு" என்றாள்.

"சரியாயிருச்சு" என்று கையை நீட்டினேன். பெண் குனிந்து பார்த்து, தொட்டுப் பார்த்து, "ஆமாங்க அத்தை, மூடிக்கிச்சு" என்று உள்ளே குரல் கொடுத்தாள். பிறகு என் முன்னால் இலையைப் போட்டாள்.